சாய்ந்த ஏழு

இந்தப் பையைக் கீழ வெச்சுக்கறேன் சார், கால்ல இடிக்காதே? இடிச்சா சொல்லுங்க, பஸ் ஜன்னல் வழியாத் தூக்கி எறிஞ்சிடறேன். நெஜமாத்தான். உள்ள ஒரு பொன்னாடை, ஒரு ஷீல்டு. பொன்னாடைன்னு பேரு, மண்ணெண்ணெய் வாடை அடிக்குது. ஷீல்டுல ஒரு காரு, அதுக்கு அடியில என் பேரு. அதையும் ஒழுங்கா அடிக்கல. என் பேரு தணிகாசலம். இவன் தனிகாச்சலம்னு அடிச்சிருக்கான். தனியா காய்ச்சல் வந்து படுத்தவன் மாதிரி.

கோவளம் தாண்டி ஒரு ரிசார்ட்டு இருக்கு இல்ல, அங்கருந்துதான் வர்றேன். பழைய கார் கண்காட்சி. போயிருக்கீங்களா? போயிடாதீங்க. கருமம். பழைய காரையெல்லாம் புல்தரையில வரிசையா நிறுத்தி, மஞ்சத் துணியால தொடைச்சுக்கிட்டே இருக்கானுங்க. பெத்த புள்ள பக்கத்துல மூக்கு ஒழுகிக்கிட்டு நிக்குது, அதைத் தொடைக்க ஆள் இல்ல. பம்பரைத் தொடைக்கறான் அப்பன்காரன். அதுல ஒருத்தன் டயரை முகர்ந்து பார்த்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டான் சார்.

என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னா, நான் பாலார் மோட்டார்ஸ்ல இருந்தவன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆவடி தாண்டி இருந்துச்சு, இப்ப அந்த இடத்துல அபார்ட்மெண்ட். பாலார் டீலக்ஸ்னு ஒரு கார் செஞ்சோம். நாலு கதவு, குடும்பத்தோட திருப்பதி போய்ட்டு வர்ற வண்டி. எழுபத்தொன்பதுல முதலாளி மகன் அமெரிக்கா போய்ட்டு வந்தார். அவரை நாங்க சின்னவர்னு சொல்லுவோம். அங்க ஊர் ஊருக்குப் பெரிய எஞ்சின் வெச்ச காருங்க உறுமிக்கிட்டு ஓடுதாம். கம்பெனியே இத்தனை வண்டிதான் செய்வோம், அதுக்கு மேல செய்ய மாட்டோம்னு சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் போட்டு விக்குதாம். ஜனங்க அடிச்சுக்கிட்டு வாங்கறாங்களாம். நாமளும் செய்வோம்னு கிளம்பிட்டார். பாலார் தண்டர். நூறே நூறு வண்டி.

எப்படிச் செஞ்சோம்னு சொல்றேன் கேளுங்க. லைன்ல போற டீலக்ஸ் பாடியை ஓரமா இழுத்து விட்டோம். டெலிவரி வேனுக்குன்னு கம்பெனி ஒரு ஆறு சிலிண்டர் எஞ்சின் செஞ்சு வெச்சிருந்துச்சு. அது உள்ள போகல. முன்பக்கச் சட்டத்தை வெட்டி, நகர்த்தி, தரைக்கு ரெட்டைத் தகடு வெச்சு வெல்டு அடிச்சு உள்ள திணிச்சோம். இப்ப பானெட் மூடல. பானெட்டையும் வெட்டி, நடுவுல ஒரு புடைப்பு தட்டி வெச்சோம். இன்னிக்கு அந்தப் புடைப்பைத்தான் "அடடா, என்னா டிசைன்"ங்கறானுங்க. மூடாததுக்குப் போட்ட ஒட்டு சார் அது! அப்புறம் மேல ரெண்டு கறுப்புக் கோடு, பேப்பர் டேப் ஒட்டிக் கையால அடிச்சது. அவ்வளவுதான் தண்டர்.

நம்பர் என் வேலை. எஞ்சின்ல ஒரு தடவை, சேசிஸ்ல ஒரு தடவை, உளியால அடிக்கணும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு உளி, கண்ணாடியில தெரியற மாதிரி எண்ணைத் திருப்பிச் செதுக்கியிருக்கும். வெச்சு சுத்தியால ஒரே போடு. ரெண்டாவது போடு போட்டா எழுத்து ரெட்டையா விழும். ஒரே போடுதான். அப்புறம் டாஷ்போர்டுல பித்தளைத் தகடு, நூறுல இத்தனையாவது வண்டின்னு. அதை ரிவெட் அடிக்கறதும் நான்தான். அந்தத் தகடு பாம்பேலருந்து ஒரே பெட்டியில வந்து இறங்குச்சு. ஒண்ணுலருந்து நூறு வரைக்கும். வண்டி ஒண்ணுகூட முடியல, நம்பர் நூறும் ரெடி. அதைப் பார்த்தப்பவே எனக்கு மனசு கசந்துடுச்சு.

நம்பர் வரிசையாப் போச்சுன்னு நினைக்கறீங்களா? வரிசையாவது! முதல் வண்டி பெரிய முதலாளிக்கு, சரி. அடுத்து வந்தவன் எனக்கு ஏழுங்கறான். ஒருத்தன் கல்யாணத் தேதி கேக்கறான். ஒரு பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டென்ட், நூறுக்கு நூறு வேணும்னு நூறாம் நம்பரை வாங்கிட்டுப் போய்ட்டார். அப்ப நாங்க இருபது வண்டிகூடச் செய்யல. எட்டாம் நம்பரை எவனும் தொடல, சனி பிடிக்குமாம். கடைசியில பாதி வண்டிக்கு மேல செய்யவே இல்ல, பெட்ரோல் விலை ஏறி எவனும் வாங்கல. மீதித் தகடெல்லாம் கேன்டீன்ல டம்ளருக்கு மூடியாக் கெடந்துச்சு. இன்னிக்கு மைக்ல பேசினான் ஒருத்தன், "நூறே நூறு பேருக்குக் கிடைச்ச பாக்கியம்"னு. த்தூ.

சரி, அது கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது சவரிராஜைப் பத்தி.

சவரிராஜ் எங்க டெஸ்ட் டிரைவர். என் சிநேகிதன். ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல வேலைக்குப் போனவங்க. அவன் மிதிப்பான், நான் பின்னாடி உக்காந்துக்குவேன். ஆளு ஒல்லி, ஆனா ஸ்டியரிங்கைப் பிடிச்சான்னா ராஜா மாதிரி இருப்பான். முடிஞ்ச வண்டியை எல்லாம் பாக்டரிக்குப் பின்னாடி ஏரிக்கரை ரோட்டுல அவன்தான் ஓட்டிப் பார்ப்பான். தண்டரை முதல்ல ஓட்டிட்டு வந்து இறங்கினப்ப அவன் முகத்தைப் பார்த்திருக்கணும் சார் நீங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி இல்ல அவன். ஆனா இறங்கினதும் சொன்ன முதல் வார்த்தை, "தணிகா, ஓடுதுடா. ஆனா நிக்க மாட்டேங்குது."

பிரேக் சார். எஞ்சினை மாத்தினாங்க, பிரேக்கை மாத்தல. அதே டீலக்ஸ் பிரேக். சவரி போய்ச் சின்னவர்கிட்டயே சொன்னான். நானும் பக்கத்துல நின்னேன்.

"எஞ்சின் யானை சார், பிரேக் ஆட்டுக்குட்டி. ரெண்டையும் ஒரே கயித்துல கட்டியிருக்கீங்க."

சின்னவர் சிரிச்சாரு. "பெரிய பிரேக்கை இறக்குமதி பண்ண லைசென்ஸ் கேட்டு எழுதியிருக்கேன் சவரி. வந்ததும் எல்லா வண்டிக்கும் மாத்திடலாம். அதுவரைக்கும் நீ பார்த்து ஓட்டு."

"நான் பார்த்து ஓட்டுவேன் சார். வாங்கறவங்க?"

"வாங்கறவங்களும் பார்த்து ஓட்டட்டும்"னு சொல்லிட்டுப் போய்ட்டார். முதலாளின்னா அப்படித்தான். அந்தச் சிரிப்பு இருக்கே, அதை நினைச்சா இப்பவும் எனக்கு அருவருப்பா இருக்கு.

ஒன்பதாம் நம்பர் வண்டி. ஒரு சக்கரை ஆலைக்காரருக்கு. அவருக்கு ஒன்பதுதான் ராசி, நல்ல நாள் பார்த்து வெச்சுட்டார், அதுக்குள்ள வேணும். நான் நம்பர் அடிச்சு, தகடு பதிச்சுக் குடுத்தேன். சவரி எடுத்துட்டுப் போனான். ஏரிக்கரையில ஒரு வளைவு, அதுல எருமைங்க ஏறிடுச்சு. பிரேக்கை மிதிச்சிருக்கான். வண்டி நிக்கல. எருமையை விட்டுத் திருப்பி, நேரா பனைமரத்துல. நாங்க சத்தம் கேட்டு ஓடினோம். எஞ்சின் பின்னாடி வந்து அவன் வலது காலை மடக்கிப் போட்டிருந்துச்சு. கத்தல சார் அவன். என்னைப் பார்த்து, "எருமைக்கு ஒண்ணும் ஆகலியே"ன்னான். ஆஸ்பத்திரியில முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

இப்பதான் அசிங்கமே ஆரம்பிக்குது. புது வண்டி, பேப்பர்ல எல்லாம் விளம்பரம் வந்துடுச்சு, இந்த நேரத்துல தண்டர் பிரேக் பிடிக்காம மோதுச்சுன்னு வெளிய தெரிஞ்சா எவன் வாங்குவான்? அதனால தண்டர் மோதவே இல்லைன்னு ஆக்கிட்டாங்க. மோதினது ஒரு டீலக்ஸாம். சவரி அனுமதி இல்லாம அதை எடுத்துட்டுப் போனானாம், கவனக்குறைவாம். ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவன் மேல எழுதினானுங்க சார் இதை. கால் போனவன் மேல. மனுஷனா இவனுங்க?

அந்த வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி உள்ள இழுத்துட்டு வந்தாங்க. முன்பக்கத்தை அறுத்து எறிஞ்சுட்டு வேற முன்பக்கம் வெச்சு வெல்டு அடிச்சாங்க. ஞாயித்துக்கிழமை, லீவு நாள்ல, என்னை வரச் சொன்னாங்க. எஞ்சின்லயும் சேசிஸ்லயும் இருந்த ஒன்பதை அரைச்சு எடுக்கணும்னாங்க. அரைச்சேன். கிரைண்டர் போட்டு அரைச்சு, மேல பூச்சு குடுத்து, வழவழன்னு ஆக்கினேன். வேலைன்னு வந்துட்டா நான் சுத்தமாச் செய்வேன், அது என் பழக்கம். வேற ஒரு வண்டிக்கு ஒன்பதைப் போட்டு சக்கரை ஆலைக்காரருக்கு அனுப்பிட்டாங்க.

அப்புறம் விசாரணைன்னு ஒண்ணு வெச்சாங்க, பேருக்கு. என்னையும் கூப்பிட்டாங்க. சவரி கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கிட்டு ஒரு நாற்காலியில உக்காந்திருக்கான். என்னையே பார்த்துக்கிட்டு இருக்கான். "மோதின வண்டி தண்டரா, டீலக்ஸா?"ன்னு கேட்டாங்க. "நான் நம்பர் அடிக்கறவன் சார், நம்பர் இல்லாத வண்டியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"னு சொன்னேன். அதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா சொல்லுங்க? அன்னிக்கு அந்த வண்டில நம்பர் இல்லையே. நான்தான் அரைச்சு எடுத்துட்டேனே. என்னைப் பொய் சொல்ல வைக்கப் பார்த்தாங்க, நான் மாட்டல. கைக்குழந்தை வேற இருந்துச்சு அப்ப எனக்கு.

சவரிக்கு வேலை போச்சு. அதுக்கு அப்புறம் அந்த வண்டிக்கு இருபத்தேழுன்னு நம்பர் போடச் சொன்னாங்க, போட்டேன். ரெண்டும் ஏழும் ஒன்பது, அதுக்கும் ஒரு ஆள் இருந்தான். அடுத்த மாசம் எனக்கு சார்ஜ்மேனாப் புரமோஷன் வந்துச்சு. சீனியாரிட்டி சார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனா சில பேர் வாய்க்கு வந்தபடி பேசினானுங்க. தொழிலாளியே தொழிலாளியைப் பேசறான் பாருங்க. அதுவும் ஒரு அசிங்கம்.

நான் மட்டும் சவரியை விடல. எல்லாரும் விட்டாங்க, நான் விடல. விசாரணைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். "அந்த வண்டி என்னாச்சுடா?"ன்னு கேட்டான். "பிரிச்சுப் போட்டுட்டாங்க சவரி, பழைய இரும்புக்குப் போயிடுச்சு"ன்னேன். படுத்திருக்கறவன் மனசு ஆறணும் இல்ல? அவனும் நம்பிக்கிட்டான். அப்புறம் ஆவடி ஸ்டேஷன் பக்கத்துல சைக்கிள் ஸ்டாண்டு எடுத்து நடத்தினான். இப்ப பைக் ஸ்டாண்டு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்குப் போவேன். அவன் சம்சாரம் ஃபிலோமினா கேக்கு குடுக்கும். அந்தக் கம்பெனிக்காரங்க எவனாவது ஒரு தடவை எட்டிப் பார்த்தானா? நான் ஒருத்தன்தான் சார்.

இப்ப நடந்ததுக்கு வர்றேன். போன மாசம் ஒரு பையன் என் வீட்டைத் தேடிக்கிட்டு வந்தான். பிரணவ்னு பேரு. முப்பது முப்பத்தஞ்சு வயசு, கோயம்புத்தூர்ல மோட்டார் பம்பு செய்யற குடும்பம். கையில இனிப்பு டப்பா. தண்டர் வெச்சிருக்கானாம். இருபத்தேழாம் நம்பர்.

நான் அந்த இனிப்பு டப்பாவைப் பிரிக்காம ஓரமா வெச்சேன்.

"சார், என் வண்டி அப்படியே பாக்டரியில இருந்து வந்த மாதிரி இருக்கு. எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், தகடு, மூணும் ஒண்ணு சார். மூணும் ஒண்ணா இருக்கற தண்டர் இன்னிக்குத் தேதிக்கு ரொம்பக் கம்மி. நம்பர் அடிச்சவரே நீங்கதான்னு கேள்விப்பட்டேன். கண்காட்சிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்"னான்.

நான் தலையாட்டினேன். உள்ளுக்குள்ள ஒரு முடிவு பண்ணிட்டேன். இவனுங்க மூஞ்சியில காறித் துப்பற மாதிரி நாலு பேர் முன்னாடி உண்மையைப் போட்டு உடைக்கணும். சும்மா சொன்னா நம்புவானுங்களா? அதனால சவரியையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு நினைச்சேன். கால் போனவனே வந்து நின்னா அதுக்கு மேல என்ன வேணும்?

இன்னிக்குக் காலையில அவன் வீட்டுக்குப் போனேன். ஃபிலோமினா வாசல்லயே நின்னுக்கிச்சு. "இந்த வெயில்ல இவரை எங்கண்ணே இழுத்துக்கிட்டுப் போறீங்க?"

"இழுக்கல தங்கச்சி. தண்டர் வண்டி ஒண்ணு வருதாம். பார்த்துட்டு வரலாம்னு."

சவரி உள்ள இருந்து சட்டையை மாட்டிக்கிட்டே வந்துட்டான். "தண்டரா? இன்னும் ஓடுதா?" எழுபத்தஞ்சு வயசு சார், பொய்க்காலு, தடி. சின்னப் புள்ள மாதிரி முன்னாடி நடக்கறான். எந்த வண்டின்னு நான் சொல்லல. அங்க போய்த் தெரிஞ்சா அவனுக்கும் ரத்தம் கொதிக்கும், நாலு வார்த்தை கேப்பான்னு நினைச்சேன்.

அங்க போனா, நான் சொன்னேனே, அந்தக் கருமமெல்லாம். நடுவுல நம்ம வண்டி. ஆரஞ்சு கலர், ரெண்டு கறுப்புக் கோடு. பளபளன்னு நிக்குது, ஒரு பாவமும் அறியாத மாதிரி. எனக்குப் பொன்னாடை போட்டாங்க, ஷீல்டு குடுத்தாங்க. பிரணவ் பானெட்டைத் தூக்கி டார்ச் அடிச்சு எல்லாரையும் கூப்பிடறான். "பாருங்க, பாருங்க, இந்த ஏழு லேசா இடது பக்கம் சாஞ்சிருக்கு பாருங்க. மிஷின்ல அடிச்சா இப்படி வராது. கையால அடிச்சதுக்கு இதுதான் சாட்சி. சார், நீங்களே சொல்லுங்க, இது பாக்டரியில அடிச்ச நம்பர்தானே?"

சுத்தி நாப்பது அம்பது பேர், எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. மைக்கை என் கையில குடுத்தான்.

நான் சொல்லிட்டேன் சார். "பாக்டரியில அடிச்சதுதான். ஆனா இது இருபத்தேழு இல்ல. இது ஒன்பது. பனைமரத்துல மோதி நொறுங்கின வண்டி. நம்பரை அரைச்சு எடுத்துட்டு, வேற முன்பக்கம் ஒட்டி, வேற நம்பர் போட்டு வித்தாங்க. இதோ நிக்கறானே, சவரிராஜ், இவன் காலைத் தின்ன வண்டி இது. இதைத்தான் நீங்க எல்லாம் துணி வெச்சுத் தொடைச்சுக்கிட்டு நிக்கறீங்க."

நான் நினைச்சேன், இப்ப வெக்கப்படுவானுங்க, தலையைத் தொங்கப் போடுவானுங்கன்னு.

ஒருத்தன் கை தட்டினான் சார்.

அவனைப் பார்த்து இன்னொருத்தன். அப்புறம் எல்லாரும். பின்னாடி இருந்து ஒருத்தன் கத்தறான், "பிரணவ், அடிச்சுதுடா உனக்கு லக்கு! ரெண்டு நம்பர் அடிச்ச தண்டர் உலகத்துலயே இது ஒண்ணுதான்டா!" இன்னொருத்தன் சவரிகிட்டப் போய், "சார், கால் போனப்ப எத்தனை ஸ்பீடு சார்?"ங்கறான். ஒரு பொம்பளை, நல்லாப் படிச்ச மாதிரிதான் இருக்கு, "அந்தக் காலைக் கொஞ்சம் காட்டறீங்களா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்"னுது. பொணத்தைச் சுத்தி ஈ மொய்க்கற மாதிரி மொய்க்கறானுங்க. நான் உண்மையைச் சொன்னா, அதையும் ஒரு சரிகையா எடுத்து அந்த வண்டிக்குச் சுத்திட்டானுங்க.

பிரணவ் மட்டும் கை தட்டல. வெளுத்துப் போய் நின்னான். அப்புறம் கூட்டத்தை விலக்கி, அந்தப் பொம்பளையைப் போகச் சொல்லிட்டு, நாற்காலி எடுத்துட்டு வந்து சவரியை உக்கார வெச்சான். முன்னாடி மண்டி போட்டு உக்காந்து, "தெரியாது சார். சத்தியமாத் தெரியாது. மன்னிச்சிடுங்க"ன்னான். நல்லா நடிக்கறானுங்க இந்தக் காலத்துப் பசங்க. போனெல்லாம் படம் பிடிக்குது இல்ல.

இந்த சவரி என்ன செஞ்சான்னு நினைக்கறீங்க? நாலு வார்த்தை கேட்டானா? இல்ல. அந்தப் பையன் தோளைத் தட்டி, "எழுந்திருங்க தம்பி, பேன்ட்டு அழுக்காகுது"ங்கறான். அப்புறம் தடியை ஊன்றி எழுந்து வண்டிகிட்டப் போனான். கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பார்த்தான். கியரை முன்னாடி பின்னாடி தள்ளிப் பார்த்தான். சிரிக்கறான் சார்! தன் காலைத் தின்ன மிருகத்தோட கழுத்தைத் தடவிக் குடுக்கறான். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

"பிரேக் மாத்திட்டீங்களா தம்பி?"ன்னு கேட்டான்.

"இல்ல சார். அது... எல்லாம் பழசுதான் சார், ஒரிஜினல். மாத்தினா மதிப்பு போயிடும்பாங்க."

"உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு சார். ஆறு வயசு."

"இதுல உக்காத்தி வெச்சு ஓட்டுவீங்களா?"

அவன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். "மாத்திடறேன் சார்"னான். "நாளைக்கே மாத்திடறேன்."

சொல்லுவான். வாய் வார்த்தைதானே. இவனாவது மாத்தறதாவது.

சவரி முன்பக்கம் வந்து, குனிஞ்சு, அந்த நம்பரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் பார்த்தான். அந்த ஏழு மேல விரலை வெச்சு மேலருந்து கீழ தடவினான். நான் இடது கைக்காரன் சார். சுத்தியை இடது கையில பிடிப்பேன். ஏழு உளி மட்டும் எனக்கு எப்பவும் ஒரு இழை சாஞ்சிடும். பாக்டரியில எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க, சவரிதான் ரொம்பப் பண்ணுவான், "உன் ஏழு தண்ணி போட்டுட்டு நிக்குதுடா"ன்னு.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "தணிகா, இது உன் ஏழு."

"பின்ன யாரோட ஏழு? நான்தானே அங்க நம்பர் அடிச்சவன்?"

"அரைச்சது?"

"அதுவும் நான்தான். வேற யாருக்கு அந்த வேலை தெரியும்? சொன்னாங்க, செஞ்சேன். அதைத்தானேடா இவ்வளவு நேரம் மைக்ல கத்தினேன், எப்படிப்பட்ட அயோக்கியத்தனம் பண்ணியிருக்கானுங்கன்னு."

அவன், "பழைய இரும்புக்குப் போயிடுச்சுன்னியே"ன்னான். அவ்வளவுதான். அதுவும் எனக்குச் சொன்ன மாதிரி இல்ல, அந்த வண்டிக்குச் சொன்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் தண்ணி கேட்டான், பிரணவ் எடுத்துட்டு வந்து குடுத்தான். வெயில் ஒத்துக்கல போல, முகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஃபிலோமினா சொன்னது சரிதான்.

எல்லாம் முடிஞ்சு கிளம்பற நேரம். பிரணவ் வந்து, "ஆவடியில கொண்டு போய் விட்டுடறேன் சார், வேற வண்டி இருக்கு, ஏசி போட்டுக்கிட்டு வசதியாப் போகலாம்"னான். சவரி, "இதுலயே போகலாமா தம்பி? மெதுவாப் போங்க, நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்"னு சொல்லிட்டு முன் சீட்டுல ஏறிட்டான். நான் பின்கதவைத் திறக்கப் போனேன். அது பூட்டியிருந்துச்சு. கண்ணாடியைத் தட்டினேன். சவரி திரும்பல. பிரணவ் என்னையும் அவனையும் மாத்தி மாத்திப் பார்க்கறான். "சாருக்கு பஸ்ஸுதான் வசதி, அவர் வேற பக்கம் போகணும்"னு சவரியே அவன்கிட்டச் சொல்றான். எனக்கு என்ன வேற பக்கம்? ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வந்தோம்?

நான் சுத்திக்கிட்டு அவன் ஜன்னலுக்குப் போனேன். கேட்டே விட்டேன். "ஏன்டா, உனக்கு வெக்கமா இல்ல? உன் காலைத் தின்ன வண்டில ஏறி உக்காந்துக்கிட்டு, அதை வெச்சுப் பெருமை அடிச்சுக்கறவன்கூடச் சவாரி போறியே? அவன் மேல உனக்குக் கோவமே வரலியா?"

சவரி நேரா ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னான். "அந்தத் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது தணிகா. தெரியாதவங்க மேல எனக்கு என்ன கோவம்? தெரிஞ்சவங்க மேலதான்."

அப்புறம், "கிறிஸ்துமஸுக்கு வராத. ஃபிலோமினாகிட்ட நான் சொல்லிக்கறேன்"னான். அந்த அம்மா வெயில்ல கூட்டிட்டுப் போனதுக்கு என்மேல கோவமா இருக்கும், அதுகிட்ட நான் திட்டு வாங்கக் கூடாதுன்னு பார்க்கறான். அந்த அளவுக்கு நல்லவன்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா ரோஷம் கிடையாது சார். துளிகூடக் கிடையாது. வண்டி நகர்ந்துச்சு. நான் அந்தப் புழுதியில இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு நிக்கறேன்.

ஆனா அந்த ஒரு வார்த்தையைத்தான் வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வர்றேன். தெரிஞ்சவங்க மேலதான் கோவமாம். சின்னவர் செத்தே பன்னண்டு வருஷம் இருக்கும். செத்துப் போன மனுஷன் மேல இன்னமும் மனசுல வெச்சிருக்கான் பாருங்க. அவரைத்தானே சொல்றான்? வேற யாரைச் சொல்லப் போறான்? அன்னிக்கு விஷயம் தெரிஞ்சவங்கள்ல இன்னிக்கு உயிரோட வேற யாரு சார் இருக்கா?